மூன்றரை வருட ஐக்கியம்

மொழி ஒன்று, பெரும்பாலோரின் மார்க்கமும் ஒன்று. பிறகேன் இரண்டு நாடு? 1950களில் அரபுலகில் பலமாக எழுந்த கேள்வி இது. 1956 சூயஸ் நெருக்கடிக்குப் பின் எகிப்தின் ஜமால் அப்துல் நாஸர் அரபு மக்களின் நாயகனாகியிருந்தார். 1958 ஜனவரியில் சிரிய இராணுவ அதிகாரிகள் கெய்ரோவுக்கே போய் இணைப்பைக் கேட்டார்கள். முதலில் தயங்கிய நாஸர், கட்சிகள் கலைக்கப்பட வேண்டும், இராணுவம் அரசியலை விட வேண்டும் என்றார். சிரியா தலையாட்டியது. ஜனாதிபதி ஷுக்ரி அல்குவத்லி பதவியை விட்டுக் கொடுத்தார். பெப்ரவரி 22இல் ஐக்கிய அரபுக் குடியரசு பிறந்தது. இரண்டுக்கும் பொது எல்லைகூட இல்லை, இடையில் இஸ்ரேல்.

தலைநகர் கெய்ரோ, முடிவுகளும் அங்கேதான். சிரிய அதிகாரிகள் ஓரங்கட்டப்பட்டார்கள். 1961 ஜூலையில் வங்கிகளும் பெரிய தொழில்களும் அரசுடைமையாக, டமஸ்கஸ் வணிகர்கள் கொதித்தார்கள். செப்டம்பர் 28இல் சிரிய இராணுவம் புரட்சி செய்தது, இணைப்பு முடிந்தது.

அந்நிய சதி என்று மட்டும் சொல்லித் தப்ப ஏலாது. இணைப்பைக் கேட்டதும் சிரிய இராணுவம், முறித்ததும் அதே இராணுவம். இடையில் சிரிய மக்களுக்குத் தம் குறையைச் சொல்லக் கட்சியுமில்லை, சுதந்திரமான பத்திரிகையுமில்லை. சகோதரர்கள் என்பதால் பங்கு கேட்கத் தேவையில்லை என்று நினைத்ததுதான் பிழை. ‘ஐக்கிய அரபுக் குடியரசு’ என்ற பெயரை 1971 வரை எகிப்து தனியாகவே சுமந்தது.