வாரப் பாடமும் வாவு விடுமுறையும்

வளைகுடா நாடுகளில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு வாரந்தோறும் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்துவிடுகிறது. முன்பெல்லாம் பிள்ளையின் டயரியில் செருகி அனுப்பினார்கள். இப்போது கைப்பேசிக்கே வந்து சேர்கிறது. இந்த வாரம் ஆங்கிலத்தில் பெயர்ச்சொல், கணக்கில் மூன்றாம் வாய்ப்பாடு, அறிவியலில் செடியின் பாகங்கள், அரபியில் இன்னின்ன எழுத்துக்கள் என்று வரிசையாக அதில் கண்டிருக்கும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். எனினும் அத்தாளைப் படிக்கும் தாய் தந்தையருக்கு ஒரு கேள்வி எழாமல் இராது. இது ஆசிரியர் நடத்தி முடித்த கணக்கா, பிள்ளை கற்று முடித்த கணக்கா?

நம் முன்னோர் நடத்திய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இக்கேள்விக்கே இடமில்லாதிருந்தது. அங்கே வாரம் என்ற கணக்கே கிடையாது என்பதை இன்றைய பெற்றோர் பலர் அறியமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கும் மற்றக் கிழமைகளுக்கும் பள்ளிக்கூடத்தில் வேற்றுமை இல்லை. விடுமுறையை நிர்ணயித்தது சந்திரன். அமாவாசை, பௌர்ணமி, அவற்றை அடுத்த பிரதமை ஆகிய நாட்களுக்கு 'வாவு' என்று பெயர். கோயம்புத்தூர் ஜில்லா கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1822ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கத்துக்கு அனுப்பிய அறிக்கையில், பண்டிகைகள் நீங்கலாக மாதத்தில் இந்த நான்கு நாட்களே விடுமுறை என்று குறித்திருக்கிறார். ஐந்து வயதில் சேரும் பிள்ளை பதின்மூன்று, பதினான்கு வயது வரை படித்தான். காலை ஆறு மணிக்கு வந்தவன், நடுவே உண்பதற்கு வீடு சென்று மீண்டு, இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்பினான். இக்காலத்துக் குழந்தை வைத்தியர் எவரும் இந்த நேர அட்டவணைக்குச் சம்மதிக்கமாட்டார்.

சல்லிவனிடம் இந்த விவரங்களைக் கேட்டவர் கவர்னர் சர் தாமஸ் மன்றோ. மாகாணம் முழுவதிலும் எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள், என்ன பாடம் என்று 1822இல் அவர் எல்லாக் கலெக்டர்களையும் கேட்டார். திரண்ட விடைகளை 1826இல் தொகுத்தபோது கிடைத்த கணக்கு: பள்ளிகள் 12,498, படிப்போர் 1,88,650. அப்போது மாகாணத்தின் ஜனத்தொகை ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம். வீட்டிலேயே கற்றவர்களையும் சேர்த்தால், பள்ளி வயதுப் பையன்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குச் சற்றுக் குறைவானவர்கள் கல்வி பெற்றார்கள் என்பது மன்றோவின் மதிப்பு. ஐரோப்பாவின் பல நாடுகளில் சில காலம் முன்வரை இருந்த நிலையைவிட இது மேல் என்றும் அவர் எழுதினார். இப்பெருமையைப் பேசும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த 1,88,650 பேரில் பெண் குழந்தைகள் ஐயாயிரத்தை எட்டவில்லை. தீண்டாமையின் பெயரால் ஒதுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளுக்கோ பெரும்பாலான திண்ணைகளில் ஏறவே உரிமை இல்லை.

சரி, திண்ணையில் அமர்ந்த பிள்ளை எதைக் கற்றான்? விஜயதசமியன்று வித்தியாரம்பம். 'ஹரி நமோத்து சிந்தம்' என்று சொல்லிக்கொண்டே பரப்பிய மணலில் விரலால் எழுத்துக்களை எழுதுவான். வாய் சொல்ல, காது கேட்க, விரல் வரைய, மூன்றும் ஒரே கணத்தில் நடந்தன. எழுத்து கைக்கு வந்தபின் பனையோலையும் எழுத்தாணியும். உபாத்தியாயர் ஓலையில் மேல்வரிச் சட்டம் எழுதிக் கொடுப்பார். அதைப் பார்த்துப் பிள்ளை கீழே எழுத வேண்டும். அரிச்சுவடி முடிந்தால் ஆத்திசூடி. பிறகு கொன்றைவேந்தன், உலகநீதி, மூதுரை, நல்வழி. அப்பால் நிகண்டும் சதகங்களும் அந்தாதிகளும். அகர வரிசையையும் அறத்தையும் ஒரே வரியில் கற்பித்தவர் ஔவையார். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2017இல் நன்னெறிக் கல்வி தனிப் பாடமாகவே வைக்கப்பட்டது. நம் பழைய பள்ளியில் அதற்கென்று தனி மணி அடிக்கவில்லை.

கணக்குப் பாடம் இன்னும் சுவையானது. எண்சுவடியில் பின்ன எண்கள் முழு எண்களுக்குச் சமமான இடம் பெற்றிருந்தன. 320இல் ஒரு பங்கு முந்திரி. 160இல் ஒரு பங்கு அரைக்காணி. 80இல் ஒரு பங்கு காணி. 20இல் ஒரு பங்கு மா. மாவையும் காணியையும் கூட்டினால் 16இல் ஒரு பங்கு. அதன் பெயரோ மாகாணி! கூட்டல் கணக்கும் விடையும் பெயருக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. இதையே வீசம் என்றும் சொன்னார்கள். அதன் இருமடங்கு அரைக்கால். பிறகு கால், அரை, முக்கால். நெல் அளப்பதற்கு நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என்று ஒரு வாய்ப்பாடு. நிலம் அளப்பதற்குக் குழிமாத்து என்று மற்றொன்று. பத்து வயதுப் பையன் களத்துமேட்டில் தந்தையின் பக்கத்தில் நின்று குத்தகை நெல்லை மனத்திலேயே கணக்குப் பார்த்தான். படிப்பு பயன்படுகிறதா என்று அறியப் பெற்றோர் தாள் எதையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

பதினாறு அணா ரூபாய் வழங்கியவரை மாகாணியின் ஆட்சி நீடித்தது. ஓர் அணா என்பதே ரூபாயில் மாகாணிதானே! இந்த ரூபாய்தான் கடல் கடந்து இந்த வளைகுடாக் கடைத்தெருக்களிலும் புழங்கிற்று. இந்தியா 1957இல் தசம நாணயத்துக்கு மாறி, 1959இல் வளைகுடாவுக்கென்று தனி ரூபாய் அச்சிட்டு, 1966இல் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்ட பின்னரே இப்பகுதி ராஜ்யங்களில் பல அதைக் கைவிட்டன. துபாய் வணிகரின் பேரேடும் தஞ்சாவூர் மிராசுதாரின் கணக்கோலையும் ஒரே பின்னத்தைப் பேசிய காலம் அது.

இனி, பாடம் எப்படி முன்னேறிற்று என்பதே முக்கியம். ஒரு பள்ளியில் முப்பது பிள்ளைகள் இருந்தால் முப்பது பேரும் வெவ்வேறு இடத்தில் இருக்கலாம். முந்திய ஏடு மனத்தில் பதிந்து, கையாலும் எழுதிக் காட்டினால்தான் அடுத்த ஏடு கிடைக்கும். ஒருவனுக்கு மூன்று நாள் ஆகலாம், மற்றொருவனுக்கு மூன்று வாரம் ஆகலாம். பாடம் பிள்ளைக்குச் சொந்தம், காலண்டருக்குச் சொந்தமல்ல. இத்தனை பேரை ஒரே உபாத்தியாயர் எப்படிச் சமாளித்தார்? சட்டாம்பிள்ளையைக் கொண்டு. முன்னே கற்றவன் பின்னே வந்தவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். இத்தாலியப் பிரயாணி பியத்ரோ தெல்லா வால்லே 1623இல் கன்னட நாட்டு இக்கேரிப் பகுதியில் ஒரு கோயில் முகப்பில் சிறுவர் நால்வர் மணலில் எழுதிக்கொண்டே ராகமாகக் கணக்குப் படிப்பதைக் கண்டார். ஆசிரியர் எங்கே என்று விசாரித்தால் ஆசிரியரே இல்லை. ஒருவர் தப்பை ஒருவர் திருத்திக்கொள்கிறோம் என்றார்களாம்.

இம்முறை சீமைக்குப் போன கதை பலருக்குத் தெரியாது. டாக்டர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் சென்னையில் ராணுவத்தாரின் ஆண் அனாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் தலைமையை ஏற்றார். ஒரு காலை குதிரையில் செல்லும்போது நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். சம்பளத்துக்கு இருந்த ஆசிரியர்கள் இசையவில்லை. உடனே எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் கீழ் வகுப்பை ஒப்படைத்தார். அவன் செய்து காட்டிவிட்டான்! பெல் 1797இல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகள் நூற்றுக்கணக்கில் எழுந்தன. பெல் 1832இல் காலமாகி வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கமானார். சென்னைத் திண்ணையின் சட்டாம்பிள்ளைக்கு எங்கும் கல்வெட்டில்லை.

இதனால் திண்ணைப் பள்ளி ஒரு பொற்காலம் என்று கொள்வது தவறு. அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பெல்லாரியின் கலெக்டர் காம்ப்பெல் 1823இல் எழுதிய அறிக்கை இரு பக்கமும் காட்டுகிறது. காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள், இரண்டாமவனுக்குச் சுழியம், மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி, அப்பால் வருகிறவர்களுக்கு ஒன்றுக்கொன்று கூடுதல். சோம்பேறிப் பிள்ளையைக் கைகளைக் கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிடுவதும் உண்டு. நம் ஊரில் அதற்குக் கோதண்டம் என்று பெயர். வளரும் எலும்புக்கும் தோள் மூட்டுக்கும் இது என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. மூத்த பிள்ளைகள் இளையவர்க்குக் கற்பிக்கும் சிக்கனத்தைக் காம்ப்பெல் மனமாரப் பாராட்டினார். ஆனால் பிள்ளைகள் ஒப்பிக்கும் செய்யுளின் பொருள் அவர்களுக்கே தெரியவில்லை என்று குறையும் சொன்னார். அது உண்மைக் குறை.

ஆயினும் நெட்டுருவை முழுவதும் இகழ்வதற்கில்லை. மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் தம் திண்ணைப் பள்ளிக்கூட நாட்களை வருணித்திருக்கிறார். மாலையில் வீட்டுக்கு அனுப்பும்போது உபாத்தியாயர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரோ ஊரின் பெயரோ மிருகத்தின் பெயரோ சொல்லி அனுப்புவார். மறுநாள் மறவாமல் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பகலில் கற்றது இரவு உறக்கத்தில் மூளையில் நிலைபெறுகிறது என்று இன்றைய நரம்பியல் சொல்கிறது. உறங்கி எழுந்து மறுபடி நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது, பத்து முறை பார்த்துப் படிப்பதைவிட ஆழமாகப் பதிக்கிறது. திண்ணை வாத்தியாருக்கு இது எந்த ஏட்டிலும் எழுதியிருக்கவில்லை; அனுபவத்தில் கண்டுகொண்டார்.

இந்த வளைகுடாவிலும் எண்ணெய் கிடைக்கும் முன்பு இதே மாதிரிதான் இருந்தது. முதவ்வா என்னும் ஆசிரியரின் வீட்டிலோ மர நிழலிலோ பாயில் அமர்ந்து பிள்ளைகள் குர்ஆனை உரக்க ஓதிக் கற்றார்கள். பெண் ஆசிரியர்களிடம் சிறுமியர் கற்றதும் உண்டு. இங்கே விடுமுறை நாள் வெள்ளி. இங்கும் வார அளவு இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் முன்னேறி, குர்ஆன் முழுவதும் ஓதி முடித்த அன்று அவனுக்காக ஊர் கூடி 'தவ்மீனா' என்ற விழா எடுத்தது. ஒழுங்கான பள்ளிகள் பிறகு வந்தன: குவைத்தில் முபாரக்கியா 1911, துபாயில் முத்து வணிகர் ஷேக் அகமது பின் தல்மூக் நிறுவிய அல் அகமதியா 1912, பஹ்ரைனின் முஹர்ரக்கில் அல் ஹிதாயா 1919. முத்து விற்ற பணத்தில் எழுந்த பள்ளி 1930களில் முத்துத் தொழில் சரிந்தபோது தானும் தளர்ந்தது. துபாய் தைரா கரையில் அக்கட்டடம் பின்னர் அருங்காட்சியகமாயிற்று. வித்தியாரம்பத்தை அறிந்த நம் குழந்தைகளுக்கு அதன் பழைய வகுப்பறை அந்நியமாகத் தோன்றாது.

அப்படியானால் நம் நாட்டில் வாரப் பாடம் எப்போது வந்தது? 1854ஆம் ஆண்டு சார்லஸ் உட்டின் கல்வி ஆணையோடு அரசாங்க மானியம் வந்தது. மானியம் வந்தால் இன்ஸ்பெக்டர் வருவார். இன்ஸ்பெக்டர் வந்தால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நாளில் ஒரே பக்கத்தில் இருந்தாக வேண்டும். வகுப்பு, மணி, அட்டவணை, ஞாயிறு விடுமுறை எல்லாம் இவ்வழியே வந்தன. பரீட்சையில் தேறும் தலைகளை எண்ணிப் பணம் கொடுத்த காலமும் உண்டு. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் இம்மாறுதலின் நடுவில் நின்றவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கிய அவர், புதிய வகுப்பு முறையை ஏற்றுக்கொண்டே, படிப்படியாகக் கடினமாகும் பாலபாடங்களை எழுதி அச்சிட்டார். பொருள் புரியாத செய்யுளிலிருந்து தொடங்காமல், பிள்ளைக்கு விளங்கும் உரைநடையிலிருந்து தொடங்கினார். காம்ப்பெல் சொன்ன குறைக்கு நம்மவர் ஒருவரே கண்ட மருந்து இது.

புதிய முறையின் நன்மை பெரிது. ஒரே அட்டவணை என்பதனால்தான் எல்லாக் குலத்தாரின் பிள்ளைகளுக்கும், பெண் பிள்ளைகளுக்கும், ஒரே பாடம் என்று பின்னாளில் சட்டம் செய்ய முடிந்தது. இழப்பு, முன்னேறாத பிள்ளையையும் வாரம் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது என்பது. கழித்தலில் கடன் வாங்கத் தெரியாத பிள்ளைக்கும் அடுத்த ஞாயிறோ திங்களோ பெருக்கல் தொடங்கிவிடும்.

ஞாயிறோ திங்களோ என்று சொல்லக் காரணமுண்டு. அமீரகத்தில் 2006 வரை அரசு அலுவலகங்களுக்கு வியாழனும் வெள்ளியும் விடுமுறை. பிறகு வெள்ளியும் சனியும். 2022 ஜனவரி முதல் சனியும் ஞாயிறும், வெள்ளி அரை நாள். மற்ற வளைகுடா நாடுகளில் இன்றும் வெள்ளி, சனி. வாரத்தின் தலையும் வாலும் இவ்வாறு இடம் மாறும்போதெல்லாம் பல குடும்பங்களில் முதலில் இடம் தேடி அலைந்தது விடுமுறை நாளின் ஒரு மணி நேரத் தமிழ் வகுப்புதான்.

அந்த ஒரு மணி நேரத்துக்குக் கணக்குப் பார்ப்போம். ஆத்திசூடியில் காப்பு நீங்கலாக 109 வரிகள். வகுப்புக்கு ஒரு வரி, ஆண்டுக்கு நாற்பது வகுப்பு என்றால் முடிக்க ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும். முதல் ஆண்டின் வரிகள் அதற்குள் மறந்தும் போகும். படுக்கப்போகும் முன் ஒரு வரியைப் பொருளோடு சொல்லி, காலையில் பல் துலக்கியதும் திருப்பிக் கேட்டால் நான்கு மாதத்துக்குள் முடிந்துவிடும், அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வாவு விட்டாலும்கூட.