தாயின் ஓய்வும் சேயின் வாழ்வும்

ஒரு சமுதாயத்தின் கல்வி பள்ளி வாயிலில் தொடங்குவதாகவே எண்ணுகிறோம். அதற்கு முன்பே, தாயின் வயிற்றிலேயே அதன் அடித்தளம் இடப்பட்டுவிடுகிறது. ஆதலின், நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில், கருவுற்ற தாய்க்கு ஓய்வும் உணவும் உரிமையாகிய வரலாற்றை நினைவுகூர்வது பொருத்தமேயாகும்.

1928-ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டசபையில் பேறுகால உதவி மசோதா விவாதத்திற்கு வந்தது. ஆலைகளில் உழைக்கும் பெண்களுக்குப் பேறுகால விடுப்பும் உதவித்தொகையும் அளிப்பதே அதன் நோக்கம். அண்ணல் அம்பேத்கர் அதனை ஆதரித்துப் பேசினார். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய் ஓய்வு பெறுவது நாட்டின் நலனுக்குரியது. எனவே அச்செலவின் பெரும்பங்கை அரசே ஏற்பது முறை என வாதிட்டார். 1929-இல் மசோதா சட்டமாயிற்று. 1961-இல் இந்தியா முழுமைக்குமான பேறுகால நலச் சட்டம் பிறந்தது.

ஆயினும் இச்சட்டங்கள் ஆலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றின் எல்லைக்குள் நின்றன. வயலில் நாற்று நட்ட நம் தாய்மாரை அவை எட்டவில்லை. கூலி இல்லையேல் உலை இல்லை என்ற நிலையில், நிறைமாதத்திலும் குனிந்து களையெடுத்தவர்கள் அவர்கள்.

அண்ணலின் வாதத்தைப் பிற்கால அறிவியல் உறுதி செய்தது. இங்கிலாந்தின் ஹெர்ட்போர்ட்ஷயரில் 1911 முதல் செவிலியர் குழந்தைகளின் பிறப்பு எடையையும் ஓராண்டு எடையையும் பேரேடுகளில் குறித்துவந்தனர். டேவிட் பார்க்கர் என்னும் மருத்துவர் அவற்றை ஆராய்ந்து, ஒரு வயதில் எடை குன்றியிருந்த ஆண்களே பிற்காலத்தில் இருதய நோயால் மிகுதியாக மாண்டனர் என 1989-இல் வெளியிட்டார். கருவில் உணவு குறைந்தால், உடல் மூளையைக் காக்க முனைகிறது. சிறுநீரகம், கணையம், தசை ஆகியவற்றின் வளர்ச்சி குன்றுகிறது. அக்குறை நடுவயதில் நீரிழிவாகவும் இரத்தக் கொதிப்பாகவும் தலைகாட்டக்கூடும். தாய்க்கும் இது பொருந்தும்: இரத்தசோகை பேற்றின்போது உயிருக்கே ஊறு செய்யும், கருவுற்ற காலத்தில் நீரிழிவு கண்டவருக்குப் பின்னாளில் அது நிலைத்துவிடும் அபாயம் அதிகம்.

எனினும் இது தலையெழுத்தன்று, மாற்றக்கூடியது. அம்மாற்றத்தில் நம் மாவட்டத்திற்கும் பங்குண்டு. 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் புதுக்கோட்டையும் இடம்பெற்றது. மாதந்தோறும் குழந்தைகளை நிறுத்து, எடை குன்றியோருக்குச் சத்துணவு அளித்தனர். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்து, 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1927-இல் சென்னைச் சட்டசபைத் துணைத்தலைவரான டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டியின் பெயரால் மகப்பேறு நிதியுதவித் திட்டம் வழங்குகிறது. ஏழைத் தாய்மாருக்கான இவ்வுதவி 2006-இல் 6,000 ரூபாயாகவும், 2011-இல் 12,000 ரூபாயாகவும், பின்னர் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. ஆலை வாயிலில் நின்ற உரிமை, இவ்வாறு வயல் வரப்பையும் எட்டியது.

இளைஞர்களே! இவ்வுதவி எவரும் இடும் பிச்சையன்று. அரை நூற்றாண்டுக்கும் மேலான போராட்டத்தின் பயன். உங்கள் தெருவில் கருவுற்ற ஒவ்வொரு தாயும் உரிய காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு பெறச் செய்யுங்கள். வீட்டில் எல்லோரும் உண்ட மிச்சமே அவளுக்கு என்னும் வழக்கத்தை ஒழியுங்கள். தண்ணீர்க் குடத்தையும் விறகுச் சுமையையும் ஆண்கள் தூக்குங்கள். பெண் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள். இளவயது மணம் தானே விலகும். தாய்க்கு ஓய்வளிக்கும் இல்லமே நாளைய மாணவனுக்கு முதற்பள்ளி.