இருமுனையக் கோளாறு: இரட்டையர் ஆய்வுகள்

பைபோலார் என்று பரவலாக வழங்கும் இருமுனையக் கோளாறு, மிகையெழுச்சியும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் மனநோய். இதில் மரபின் பங்கு எவ்வளவு, நினைவாற்றலும் கவனமும் குன்றுவது நோயின் விளைவா, மரபோடு வருவதா என்னும் கேள்விகளுக்கு இரட்டையரே சிறந்த சான்று.

இரட்டையரைக் கொண்டு இயற்கையையும் வளர்ப்பையும் பிரித்தறியலாம் என 1875இல் எழுதியவர் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்ட்டன். ஒருகரு இரட்டையர் மரபணுக்களில் ஏறக்குறைய முழுதும் ஒத்தவர்கள். இருகரு இரட்டையர் சராசரியாகப் பாதியளவே ஒத்தவர்கள். இவ்விரு வகையினரையும் ஒப்பிடும் முறையை 1924இல் வகுத்தவர் ஹெர்மன் வெர்னர் சீமன்ஸ் என்னும் ஜெர்மானியத் தோல் மருத்துவர். 1928இல் மியூனிக்கின் ஹான்ஸ் லுக்சன்பர்கர் அதை மனநோய்களுக்குக் கையாண்டார். இருவருமே நோயுற்ற இணைகள்தாம் மருத்துவர் கண்ணில் எளிதில் படும். அவற்றை மட்டும் எண்ணினால் மரபின் பங்கு ஊதிப்பெருகும். அதைத் தவிர்க்க, மருத்துவமனை நோயாளிகளில் இரட்டையராகப் பிறந்தோரை முறையாகத் தேடியது அவருடைய பெரும் பங்களிப்பு.

லுக்சன்பர்கர் பணியாற்றிய ஆய்வு நிறுவனத்தை நிறுவியவர் எமில் கிரேப்பலின். அறிவு சிதையாமல் மீள்வதே, இன்றைய இருமுனையக் கோளாறும் அடங்கிய பித்து–சோர்வு நோயின் அடையாளம் என்று 1899இல் அவர் வகுத்ததால், இந்நோயில் அறிதிறன் குறையைத் தேடும் முயற்சி நெடுங்காலம் பின்தங்கியது. அதே நிறுவனத்தின் எர்ன்ஸ்ட் ரூடின், 1933ஆம் ஆண்டு நாஜிக் கட்டாயக் கருத்தடைச் சட்டத்துக்கு விளக்கவுரை எழுதியவர்களுள் ஒருவர். அச்சட்டத்தின் பட்டியலில் இந்நோயும் இருந்தது. மரபைத் தலைவிதியாக்கி நோயாளிகளுக்கு இழைத்த அக்கொடுமையைச் சொல்லாமல் இத்துறையின் வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது.

போருக்குப் பிந்திய ஆய்வுகளில் டென்மார்க்கினுடையது முதன்மையானது. 1954இல் தொடங்கிய அந்நாட்டு இரட்டையர் பதிவேட்டைக் கொண்டு, பெர்டெல்சன் குழு 1977இல் முடிவுகளை வெளியிட்டது. பித்து–சோர்வு நோய்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தபோது, ஒருவர் நோயுற்றால் மற்றவரும் நோயுறும் விகிதம் ஒருகரு இரட்டையரில் 67 விழுக்காடு, இருகரு இரட்டையரில் 20. லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையின் இரட்டையர் பதிவேட்டைக் கொண்ட 2003ஆம் ஆண்டு ஆய்வில், இருமுனையக் கோளாற்றுக்கு மட்டும் இவை 40, 5; மரபுப் பங்கு 85 விழுக்காடு. சுவீடனின் 2009ஆம் ஆண்டுக் குடும்ப ஆய்வு 59 விழுக்காடு என்றது. மரபுப் பங்கு என்னும் இந்த விழுக்காடு மக்கள்தொகையில் காணும் வேறுபாட்டைப் பற்றியது. தனி ஒருவருக்கு நோய் வரும் வாய்ப்பை அது சொல்வதில்லை.

அறிதிறன் ஆய்வுகள் பெரும்பாலும் ஒருவர் மட்டும் நோயுற்ற இணைகளையே நாடின. மருந்தோ நோயோ தொடாத மற்றவரிடமும் குறை தெரிந்தால், அது மரபின் தடயமாக இருக்கலாம். அமெரிக்காவில் 1999இல் வெளியான சிறு ஆய்வு அத்தகைய ஒருகரு இரட்டையரின் நினைவாற்றலைச் சோதித்தது. நலமானவர்களிடமும் சில தேர்வுகளில் சரிவு தென்பட்டது. பின்லாந்து, டென்மார்க் ஆய்வுகளும் இக்கேள்வியைத் தொடர்ந்தன. நோயுற்றவரிடம் குறை கூடுதல் என்பதால் நோயின் பங்கும் உண்டு. ஆயினும் மரபின் பங்கையும் புறந்தள்ள இயலாது.

2025இல் வெளியான மரபணுத்தொகை ஆய்வு, நோயோடு தொடர்புள்ள 298 இடங்களைக் காட்டியது. ஆயினும், நலமாக உள்ள ஒருவருக்கு இந்நோய் வருமா என்று மரபணுச் சோதனையாலோ நினைவாற்றல் தேர்வாலோ உறுதியாகச் சொல்ல இன்றும் இயலாது.