தையல் இயந்திரத்தின் பூவேலையும் அல்-ஜஸரியின் பொறியும்



நம் வீட்டுப் பெண்கள் துப்பட்டாவின் ஓரத்தில் இயந்திரத்தால் இலையும் அலையும் தைப்பதை அன்றாடம் காண்கிறோம். 'தையல்தானே' என்று எளிதாகக் கடந்தும் விடுகிறோம். அந்தச் சிறு ஓரவேலைக்குப் பின்னே நெடியதொரு அறிவு வரலாறு உண்டு.

1851-இல் ஐசக் சிங்கர் காப்புரிமை பெற்ற தையல் இயந்திரத்தில் ஊசி நேராக ஏறி இறங்கியது. நேர்க்கோட்டுத் தையலே கிடைத்தது. பின்னர் ஊசி இடவலமாகவும் அசையும் 'ஜிக்ஜாக்' இயந்திரங்கள் வந்தன. 1952-இல் சுவிட்சர்லாந்தின் 'எல்னா சூப்பர்மாட்டிக்', மாற்றி மாற்றிப் பொருத்தும் தட்டுகளுடன் வீடுகளுக்கு வந்தது. 'கேம்' எனப்படும் அத்தட்டின் விளிம்பில் மேடும் பள்ளமும் இருக்கும். தட்டு சுழலும்போது விளிம்பைத் தொட்டிருக்கும் சிறு நெம்புகோல் மேட்டில் ஏறினால் ஊசி ஒரு பக்கம் விலகும். பள்ளத்தில் இறங்கினால் மறுபக்கம் திரும்பும். மேடு படிப்படியாக உயர்ந்து தாழ்ந்தால், துணியில் தையலும் அகன்று குறுகி இலையாகும். ஆக, பூவின் வடிவம் ஊசியில் இல்லை. தட்டின் விளிம்பில் இருக்கிறது.

சுழலும் பொருளில் அசைவை முன்கூட்டியே பதித்து வைக்கும் இந்த முறையை நம் முன்னோரும் அறிந்திருந்தனர். 9-ஆம் நூற்றாண்டு பக்தாதில் பனூ மூஸா சகோதரர்கள், முளைகள் பதித்த உருளையால் தானே இசைக்கும் குழலை விவரித்தனர். தியார்பக்கிர் நகரில் ஆர்த்துகிய மன்னர்களிடம் பணியாற்றிய அல்-ஜஸரி, 1206-இல் முடித்த நூலில் பாவைகள் அமர்ந்த படகொன்றை வரைந்து காட்டினார். நீரின் விசையால் அச்சு சுழலும். அதிலுள்ள முளைகள் நெம்புகோல்களை அழுத்தும். பாவைகளின் கைகள் தாளமிடும்.

இதைக் கொண்டு, தையல் இயந்திரமே நம்முடைய கண்டுபிடிப்பு என்று மார்தட்டுவது முறையன்று. அல்-ஜஸரியின் நூலிலிருந்து எல்னா வரை நேர்வழி ஒன்று சென்றதாக நாம் கூறவில்லை. கூறினால் அது பொய்யாகிவிடும். அல்-ஜஸரியே தமக்கு முன் உழைத்தவர்களைத் தம் நூலில் குறிப்பிட்டிருக்கிறார். அந்த நேர்மையே நாம் அவரிடம் கற்க வேண்டியது.

1975-இல் சிங்கரின் 'அதீனா 2000' வந்தபோது தட்டின் வேலையை மின்னணு நினைவகம் ஏற்றது. கருவி மாறினாலும், அளவை முன்கூட்டியே வகுக்கும் அறிவு மாறவில்லை.

தாவூத் (அலை) அவர்கள் போர்க்கவசம் செய்யும் தொழிலைக் கற்பிக்கப்பட்டார்கள். அதன் வளையங்களை அளவறிந்து இணைக்கவும் பணிக்கப்பட்டார்கள் என்பதைக் குர்ஆனில் ஓதுகிறோம். ஒரு நபியின் கைத்தொழிலில் அளவுக்கு இத்தனை மதிப்பு இருக்கையில், தையலின் நீளத்தையும் அகலத்தையும் பழந்துணியில் தைத்துப் பார்த்துத் திருத்தும் நம் மகளின் வேலையை எப்படி அற்பமென்போம்? அடுத்த முறை அவர் இயந்திரத்தின் முன் அமரும்போது, அந்தப் பூ எப்படி விழுகிறதென்று அருகிலிருந்து கேட்போம். அவருடைய கூலியையும் குறைக்காது கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.