அரிக்கமேட்டுக் கண்ணாடி மணிகள்

எகிப்துக்குச் சென்று திரும்பும் நண்பர்கள் பலரும் கெய்ரோவின் கான் அல்-கலீலி கடைத்தெருவில் வாங்கிய கண்ணாடி அத்தர்க் குப்பி ஒன்றைக் கொண்டுவந்து காட்டுவதுண்டு. கையால் செய்யப்பட்ட அந்த மெல்லிய குப்பியை வியந்து நோக்கும் புதுச்சேரிக்காரர், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் தம்மூர்க் கண்ணாடியும் கடல் கடந்து சென்றது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் காக்காயன்தோப்பை ஒட்டியுள்ளது அரிக்கமேடு. கி.பி. முதல் நூற்றாண்டின் 'பெரிப்ளூஸ்' குறிப்பிடும் பொதுகே என்னும் துறை இதுவே என்பது அறிஞர் பலரின் கருத்து. முசிறிக்கு வந்திறங்கிய பொருள்களில் உருக்குவதற்கான கண்ணாடிக் கட்டியும் ஒன்று என்கிறது அந்நூல். அரிக்கமேட்டிலோ ரோமானியக் கண்ணாடிக் கிண்ணங்களின் சில்லுகள் கிடைத்தன. இது வரவு. செலவுக் கணக்கு எகிப்தில் இருக்கிறது. செங்கடற்கரைத் துறைமுகமான பெரெனிகேயில் நடந்த அகழாய்வில், தென்னிந்திய, இலங்கைப் பட்டறைகளின் மரபில் செய்யப்பட்ட சின்னஞ்சிறு மணிகள் வெளிப்பட்டன.

அம்மணிகளின் செய்முறை தனித்துவமானது. உருகிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழலில் திரட்டி, நடுவே துளை அமையும்படி மெல்லிய குழாயாக இழுப்பார்கள். பின்னர் அதைச் சிறு துண்டுகளாக நறுக்கி, சாம்பலோடு சேர்த்து மீண்டும் சூடேற்றுவார்கள். கூரிய விளிம்புகள் மழுங்கி மணி உருவாகும். ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் இம்முறை 20ஆம் நூற்றாண்டிலும் உயிரோடிருந்ததை ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர்.

அரிக்கமேட்டில் மணிகள் விற்கப்பட்டன என்பது மட்டுமல்ல, அங்கேயே செய்யப்பட்டன என்பதை எப்படி அறிந்தோம்? அழகிய மணிகளால் அல்ல, கழிவுகளால். நறுக்காது விட்ட குழாய்களும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட மணிகளும், உருகிச் சிதைந்த துண்டுகளுமே சான்று. பீட்டர் பிரான்சிஸ் போன்ற மணி ஆய்வாளர்கள் இவற்றைக் கொண்டே இங்கிருந்த பட்டறையை அடையாளம் கண்டனர்.

1930களின் பிற்பகுதியில் பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ராய் இம்மேட்டின் பழமையை உணர்ந்ததும் மேற்பரப்பில் கிடைத்த மணிகளையும் கற்களையும் கொண்டே. 1945இல் மார்ட்டிமர் வீலரும், அவரை அடுத்து கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அங்கே அகழ்ந்தனர். மண்ணடுக்குகளை வரிசைப்படுத்திய பின்னரே காலக்கணக்கு தெளிவாயிற்று.

மழை பெய்து ஓய்ந்தால் மேட்டில் மணிகள் தலைகாட்டும் என்பது ஊரார் நெடுங்காலமாக அறிந்த செய்தி. பொறுக்கியெடுத்த மணி நினைவுப்பொருளாகக் கைமாறும்போது என்ன நேர்கிறது? வாங்குபவருக்கு ஒரு மணி கிடைக்கிறது. எந்த அடுக்கில், எதனருகே அது கிடந்தது என்ற செய்தி அழிகிறது. மணியைத் தேடிக் கிளறும் கைகள் ஒதுக்கித் தள்ளும் கழிவுத் துண்டோ, நாம் மேலே கண்டதுபோல், வரலாற்றுக்கு அதனினும் முக்கியமானது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் உரிமமின்றித் தொல்பொருள்களை விற்பதைத் தடைசெய்கிறது. ஆனால் வாங்க ஆளிருக்கும்வரை மேடு கிளறப்படும்.

கெய்ரோக் குப்பியைத் தாராளமாக வாங்கலாம். அது இன்று உழைக்கும் ஒருவரின் கைவேலை. அரிக்கமேட்டு மணியை அருங்காட்சியகத்தில் கண்டு மகிழ்வோம். பெயர் தெரியாத அந்தக் கைவினைஞர்கள் நமக்கு விட்டுச் சென்ற ஏடு அந்த மண் ஒன்றுதான்.