டாலர் ரேட் கேட்கப் பிறந்த கர்ல்

ஃபாரெக்ஸ் டெஸ்க்கில் உட்கார்ந்த எவனுக்கும் இந்தக் கதை பிடிக்கும். 1996. ஸ்வீடனில் டேனியல் ஸ்டென்பெர்க் என்ற புரோகிராமர், ஐஆர்சி அரட்டையில் ஒரு பாட் வைத்திருந்தார். யாராவது கேட்டால் அது டாலரை குரோனராக மாற்றிச் சொல்ல வேண்டும். அன்றைய ரேட் ஒரு வலைப்பக்கத்தில் இருந்தது. அதை தினமும் யார் பார்த்துத் தட்டுவது? (புனேயில் எங்கள் கிளையில் நான் தட்டியிருக்கிறேன். அலுப்பு தெரியும்.)

பிரேசில்காரர் ரஃபேல் சகுலா எழுதிய எச்டிடிபிகெட் என்ற குட்டி நிரல் கிடைத்தது. பிரவுசர் இல்லாமலே சர்வரிடம் பக்கத்தைக் கேட்டு வாங்கிவிடும். அதைத் திருத்தித் திருத்தி வளர்த்தார். முதலில் யுஆர்எல்கெட் ஆனது, 1998 மார்ச்சில் கர்ல்.

2000-ல் அதன் உள்வேலையை லிப்கர்ல் என்று தனி லைப்ரரியாக்கினார். எந்த நிரலும் அதைச் சேர்த்துக்கொண்டு வலையோடு பேசலாம். செல்பேசி, டிவி, கார் என்று எங்கும் புகுந்துவிட்டது. எல்லாம் இலவசம்!

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. 2022 ஜனவரியில், லாக்4ஜே ஓட்டை பரபரப்பான சமயம், ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனி அவருக்கு மெயில் அனுப்பியது. கேள்விப்பட்டியலுக்கு 24 மணி நேரத்தில் பதில் வேண்டுமாம். ஒரு பைசா கொடுத்ததில்லை. கர்லில் லாக்4ஜே கிடையவும் கிடையாது. முதலில் சப்போர்ட் ஒப்பந்தம் போடுங்கள், சந்தோஷமாகப் பதில் சொல்கிறேன் என்று எழுதிவிட்டார் மனிதர் :-)