சாம்பல் தலை, மஞ்சள் வயிறு: ஒரு மலைக்காட்டுக் குருவியின் பெயர் வரலாறு



மாணவர் கட்டுரைகளில் "மஞ்சள் குருவி" என்று வரும்போதெல்லாம், எந்த மஞ்சள் குருவி என்று நான் கேட்பதுண்டு. நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் கண்ணிலிருந்து பிடரிவரை கரும்பட்டை சுற்றிய மாங்குயில் உண்டு. வேலியோரச் செடிகளில் புழு தேடும் மாம்பழச்சிட்டும் உண்டு. நான் இங்கு எழுதுவது மூன்றாவது ஒன்றைப் பற்றி. பால்மர நிரைகளிலும் செம்பனை நிழலிலும் அதைத் தேடிப் பயனில்லை. சிரம்பானிலிருந்து கோலப்பிலா செல்லும் சாலையில் உலு பெண்டுல் காடு இருக்கிறதல்லவா, அங்கிருந்து அங்சி மலைக்கு ஏறும் பாதையில் அதனைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

உடல் நீளம் 12 அல்லது 13 செ.மீ. மட்டுமே. தலை, தொண்டை, மார்பு ஆகியவை சாம்பல் நிறம், வயிறு நல்ல மஞ்சள், முதுகு இளம்பச்சை. உச்சியில் சிறு கொண்டை இருப்பதால் தலை சற்றுச் சதுரமாகத் தோன்றும். ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம். கிளையில் நிமிர்ந்து அமர்ந்து, திடீரெனப் பாய்ந்து பூச்சியைப் பற்றி மீளும். பாசி படர்ந்த பாறையிலோ மரத்தண்டிலோ, பாசியையும் சிலந்தி நூலையும் கொண்டு சிறு கிண்ணம் போல் கூடு ஒட்டும். நிழலும் ஈரமும் குன்றிய இடத்தில் அதற்கு வாழ்வில்லை.

1820-இல் வில்லியம் சுவைன்சன் என்னும் ஆங்கிலேயர் இதற்கு முதன்முதலில் அறிவியற் பெயரிட்டார். அவர் கையிலிருந்த பறவை இலங்கையிலிருந்து சென்றது. ஆகவே "சிலோனென்சிஸ்" என்றார். அலகு தட்டையாக இருந்ததால் தென்னமெரிக்கப் பறவைகளின் இனத்தில் சேர்த்தும் விட்டார்! 1871-இல் சுவின்ஹோ "குலிசிகாபா", அதாவது கொசு பிடிப்பது, என்னும் புதிய பேரினத்தை வகுத்தார். நெடுங்காலம் ஈப்பிடிப்பான்களோடு எண்ணப்பட்ட இப்பறவை, 2000-க்குப் பின் நடந்த மரபணு ஆய்வுகளால் வேறொரு குடும்பத்துக்கு மாற்றப்பட்டது. அக்குடும்பத்தின் உறவினருள் சில ஆப்பிரிக்காவில் வாழ்கின்றன.

பெயரைப் பார்த்து, இது இலங்கையிலிருந்து வந்த பறவை என மாணவர் முடிவு செய்துவிடுகின்றனர். இவ்விடத்தில்தான் ஆசிரியர் சற்று நிற்கவேண்டும். பெயரிட்டவர் கைக்கு முதல் மாதிரி எங்கிருந்து வந்தது என்பதையே அப்பெயர் சொல்கிறது. பறவை எங்கே உரியது என்பதை அன்று. நீலகிரியிலும் இலங்கை மலைகளிலும் இமயத்திலும் சாவகத்திலும் வாழ்வதுபோலவே, இது இந்நாட்டுக் காடுகளுக்கும் உரியது.

தோட்டத்தின் கதையோ நேர்மாறானது. 1869-இல் இலங்கைக் காப்பிச் செடியில் இலைத்துரு நோய் கண்டது. பின்னர் அங்கிருந்து வந்த துரைமார் சிலர் சுங்கை ஊஜோங்கில் காப்பி பயிரிட்டனர். 1891-இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே இரயில் ஓடியது. காப்பி ஆப்பிரிக்கச் செடி. அதன்பின் நிலத்தைப் பிடித்த இரப்பர், 1877-இல் பிரேசில் விதையின் கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்தது. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவினது. அவற்றை நட்டுப் பேணிய நம் முன்னோரும் கடல் கடந்து வந்தோரே. அவர்கள் வெட்டித் திருத்திய காட்டின் விளிம்பிற்கு அப்பால் இக்குருவி முன்பிருந்தே இருந்தது. சுவைன்சன் பெயரிடுவதற்கு வெகுகாலம் முன்பே, இம்மலைகளின் தெமுவான் மக்கள் அதன் குரலைக் கேட்டிருப்பர்.

1928-இல் எச். சி. ராபின்சன், மலாயாவின் மலைவாசத்தலப் பறவைகளைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். துரைமார் ஓய்வெடுக்கச் சென்ற மலைகள் அவை. நம்மவர்க்கு அந்த ஓய்வும் இல்லை, அந்நூலும் எட்டவில்லை என்பது என் எண்ணம்.

வகுப்பில் நான் "சாம்பல்தலை ஈப்பிடிப்பான்" என்றே சொல்லித் தருகிறேன். உறவுமுறை மாறினாலும் செயலுக்கு ஏற்ற பெயர்தானே. பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் காலையிலேயே ஓடையோரம் நிற்க வேண்டும். உயர்ந்த, தெளிவான சிறு சீழ்க்கைதான் முதலில் கேட்கும். அது வந்த திசையில், கண்மட்டத்துக்குச் சற்று மேலுள்ள கிளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.